பேர் வெச்ச புண்ணியவான் யாரு? நிரல் உலகின் பெயர்க் கூத்துகள் தெரியுமா?

ராத்திரி பதினோரு மணிக்கு புரொடக்‌ஷனில் பிரச்சினை. அவசர அவசரமாக ஃபைலைத் திறந்தால் முதல் வரியில் 'டெம்ப்'. அடுத்த வரியில் 'டெம்ப்1'. கொஞ்சம் கீழே 'ஃபிளாக்', 'ஃபிளாக்2', 'நியூஃபிளாக்'. ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் 'செக்டேட்டா'. உள்ளே போய்ப் பார்த்தால் அது எதையும் செக் பண்ணவில்லை, டேட்டாபேஸிலிருந்து ரெக்கார்டுகளை அழித்துக்கொண்டிருக்கிறது! எழுதியவரைக் கேட்கலாம் என்றால், அவர் நோட்டீஸ் பீரியடில் அரைகுறையாக ஒரு கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) கொடுத்து, "எல்லாம் கோட்லயே இருக்கு பாஸ்" என்று சொல்லிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய் வெகுநாள் ஆகிறது.

சப்போர்ட் ப்ராஜெக்ட்டில் காலம் தள்ளும் எல்லோருக்கும் பழகிப்போன கண்ணராவி இது. ஆனால் இந்த வியாதி நிலாவுக்குப் போன விண்கலத்திலும், நியூயார்க் பங்குச் சந்தையிலும், உங்கள் மேசை மேல் இருக்கும் கம்ப்யூட்டரிலும் உண்டு என்பது தெரியுமா? பெயர் வைப்பவர் ஒரு நிமிஷத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அதை நம்பி இரண்டாவது ஆள் நாலு வரி எழுதிவிட்டால் போதும், அப்புறம் அந்தப் பெயரை மாற்ற பிரம்மாவாலும் முடியாது! அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்களின் அணிவகுப்பு இதோ.

ஆறே எழுத்துக்குள் அடங்கிய அகிலம்!

சி மொழியின் பழைய ஃபங்ஷன் பெயர்கள் ஏன் விக்கல் எடுத்த மாதிரி இருக்கின்றன தெரியுமா? பிரின்ட்எஃப், மல்லாக், ஸ்டர்லென், ஸ்டர்கேட், மெம்கேபி... இவற்றை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப்பாருங்கள். எல்லாமே சரியாக ஆறு எழுத்து! பல ஃபைல்களின் கோடை ஒன்றாக இணைக்கும் அந்தக் காலத்து லிங்கர்கள் பல, ஒரு பெயரின் முதல் ஆறு எழுத்தைத்தான் கவனிக்கும். ஏழாவது எழுத்தில்தான் வித்தியாசம் என்றால் இரண்டு பெயரும் அதற்கு ஒன்றே. 1989-ல் வந்த சி மொழித் தரநிர்ணயம்கூட, ஃபைல் விட்டு ஃபைல் பகிரும் பெயர்களுக்கு ஆறு எழுத்துக்குத்தான் உத்தரவாதம் தந்தது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்துக்கு அதுவும் கிடையாது! 1999-ல்தான் அது 31 ஆக உயர்ந்தது.

இந்த ஆறு எங்கிருந்து வந்தது? இன்னும் பின்னால் போனால் ஐ.பி.எம். 704. அந்த இயந்திரத்தின் ஒரு 'வேர்டு' 36 பிட். ஓர் எழுத்துக்கு 6 பிட். ஆக, ஒரு வேர்டுக்குள் ஆறு எழுத்து கச்சிதமாக உட்காரும். 1957-ல் அதற்காக வந்த ஃபோர்ட்ரானில் வேரியபிள் பெயருக்கு உச்சவரம்பு அதே ஆறுதான்! இத்தனைக்கும் அதற்குச் சில வருஷம் கழித்தே வந்த கோபால் மொழி, 30 எழுத்து வரை தாராளமாக எழுதிக்கொள் என்று விட்டுவிட்டது. அதனால்தான் வங்கிகளின் பழைய கோபால் கோட் வாக்கியம்போல் வாசிக்க வருகிறது. அதே வயதுடைய ஃபோர்ட்ரான் கோட் தந்தி வாசகம்போல் திணறுகிறது.

லூப் எழுதினால் 'ஐ' ஏன்?

உலகத்தில் எந்த மூலையில் யார் லூப் எழுதினாலும் எண்ணும் வேரியபிளுக்கு 'ஐ', அதற்குள் இன்னொரு லூப் என்றால் 'ஜே', அப்புறம் 'கே'. கணக்கு வாத்தியார்கள் காலங்காலமாகக் கரும்பலகையில் எழுதிவந்த வழக்கம் இது. ஃபோர்ட்ரான் இதைச் சட்டமாகவே ஆக்கியது. 'ஐ' முதல் 'என்' வரையிலான எழுத்தில் பெயர் தொடங்கினால் அது முழு எண், மற்றதெல்லாம் தசம எண்! அறிவிக்கவே வேண்டாம், முதல் எழுத்தை வைத்தே மொழி முடிவுகட்டிவிடும். சம்பளத்துக்கு 'எம்' எழுத்தில் பெயர் வைத்துவிட்டால் பைசாவெல்லாம் காணாமல் போகும். பெயரின் தலையெழுத்து என்றால் இதுதான்!

சம்பளத்தை விழுங்கிய சேமிப்பு!

1982-ல் வந்து ஒரு கோடிக்கும் மேல் விற்ற கொமடோர் 64 கம்ப்யூட்டரில் நடந்த கூத்து இன்னும் பிரமாதம். அதன் பேசிக் மொழியில் நீளமாகப் பெயர் வைக்கலாம். ஆனால் முதல் இரண்டு எழுத்தை மட்டுமே அது பார்க்கும்!

செய்து பார்ப்போமா? முதல் வரியில் 'சேலரி' என்ற வேரியபிளில் 5000 போடுங்கள். இரண்டாவது வரியில் 'சேவிங்ஸ்' என்ற வேரியபிளில் 200 போடுங்கள். மூன்றாவது வரியில் சேலரியை பிரின்ட் செய்யுங்கள். திரையில் வருவது 200! ஆங்கிலத்தில் இரண்டு சொல்லுமே 'எஸ்', 'ஏ' என்றுதான் தொடங்குகின்றன. மெஷினைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே டப்பா. தவறு என்று ஒரு வார்த்தை சொல்லாது, முணுமுணுக்கக்கூடச் செய்யாது.

இன்னொரு வேடிக்கை: விளையாட்டு எழுதும் பையன்கள் 'ஸ்கோர்' என்று பெயர் வைத்தால் உடனே 'சின்டாக்ஸ் எரர்' வரும். ஏன் தெரியுமா? 'ஸ்கோர்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் 'ஆர்' என்ற கட்டளைச் சொல் ஒளிந்திருக்கிறது! 'டோட்டல்' என்றால் தொடக்கத்திலேயே 'டு' நிற்கிறது, அதுவும் செல்லாது. நல்ல பெயர் வைக்க நினைத்தவனையும் மெஷின் விடவில்லை. அந்தக் கால கோட் முழுக்க 'எஸ்சி', 'டிடி' என்று மொட்டையாக இருந்தால், எழுதியவரைத் திட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

செத்துப்போன இயந்திரம், சாகாத பெயர்!

லிஸ்ப் மொழியில் ஒரு பட்டியலின் தலையை எடுக்க 'கார்', மிச்சத்தை எடுக்க 'குடர்' என்று இரண்டு ஃபங்ஷன். புதிதாகப் படிக்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பெயர்கள். இவை அதே ஐ.பி.எம். 704-ன் வேர்டுக்குள் இருந்த 'அட்ரஸ்', 'டிக்ரிமென்ட்' என்ற இரண்டு பகுதிகளின் சுருக்கம்! 1950-களின் இறுதியில் எம்.ஐ.டி.யில் அந்த மெஷின் மேல் லிஸ்ப்பைக் கட்டியபோது ஒட்டிக்கொண்டவை. மெஷின் காயலாங்கடைக்குப் போய் அறுபது வருஷத்துக்கும் மேலாகிறது. பெயர்கள் இன்றும் ஈமேக்ஸ் எடிட்டருக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன!

ஓர் எழுத்து தொலைந்தால் உலகமே தொலைக்கும்!

யூனிக்ஸில் புது ஃபைல் உருவாக்கும் சிஸ்டம் காலின் பெயர் 'கிரியேட்'. ஆனால் ஆங்கிலத்தில் அதன் கடைசி 'ஈ' எழுத்தைக் காணோம்! யூனிக்ஸைத் திரும்பவும் முதலிலிருந்து செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று அதன் தந்தையான கென் தாம்ப்சனிடம் கேட்டார்களாம். அந்த 'ஈ'யைச் சேர்த்துவிடுவேன் என்றாராம் மனுஷன்! டிஸ்க்கைக் கழற்றும் கட்டளை 'அன்மவுன்ட்' என்றிருக்க வேண்டும். அதில் 'என்' எழுத்து ஒன்று போய் 'உமவுன்ட்' என்றே நிற்கிறது. லினக்ஸிலும் அதே கதிதான்.

இதையும் மிஞ்சிய ஒன்று உண்டு. நீங்கள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க்கைத் தட்டிப் போகும்போது, எங்கிருந்து வருகிறீர்கள் என்று பிரவுசர் சொல்லும் குறிப்புக்குப் பெயர் 'ரெஃபரர்'. ஆங்கிலத்தில் நடுவில் இரண்டு 'ஆர்' வர வேண்டும். ஒன்றை விட்டுவிட்டார்கள்! 1996-ல் வெளியான எச்.டி.டி.பி. 1.0 ஆவணத்தில் அந்தப் பிழை அப்படியே அச்சேறியது. அதற்குள் ஊர்முழுக்க சர்வர்கள் பிழையான பெயரையே எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டன. பின்னால் இதே விஷயத்தைக் கட்டுப்படுத்த 'ரெஃபரர்-பாலிசி' என்று ஒன்று வந்தபோது அதை மட்டும் சரியான எழுத்தில் எழுதினார்கள். இப்போது வெப் டெவலப்பர் ஒரே சொல்லை ஓர் இடத்தில் தப்பாகவும் இன்னோர் இடத்தில் சரியாகவும் எழுதியாக வேண்டும். சரியாக எழுதுவது தப்பு, தப்பாக எழுதுவது சரி... எங்கே போய் முட்டிக்கொள்வது?

பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பயந்து...

பெயருக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். 1976-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். அதற்காக எழுதும் ஃபைலில் சில வரிகள் டேப் எழுத்தோடுதான் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் வைத்தால் வேலை செய்யாது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்! இது சரியில்லை என்று சில வாரங்களிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஏன் மாற்றவில்லை? அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தொல்லை தர வேண்டாம் என்று விட்டுவிட்டாராம்! அந்த ஒரு டஜன் பேரின் நிம்மதிக்காக இன்றுவரை உலகம் முழுக்க டெவலப்பர்கள் கண்ணுக்குத் தெரியாத டேப்பைத் தேடித் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுத்தை எண்ணி வைத்த பெயர்!

பி.எச்.பி. மொழியில் ஃபங்ஷன் பெயர்கள் ஏன் சில குட்டையாகவும் சில அனுமார் வாலாகவும் இருக்கின்றன? அதை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் 2013-ல் ஒரு விளக்கம் சொன்னார். ஆரம்ப காலத்தில் ஃபங்ஷன்களைத் தேடிப் பிடிக்க, பெயரின் நீளத்தையே ஹேஷ் ஆக வைத்திருந்தாராம். எல்லாப் பெயரும் ஒரே நீளம் என்றால் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிடும். ஆகவே, பெயர்களின் நீளம் பரவலாக இருக்கும்படி பார்த்துப் பார்த்து வைத்தாராம்! அர்த்தத்துக்காக வைக்கவேண்டிய பெயரை அளவுக்காக வைத்த அதிசயம்.

அந்த மொழியின் இன்னொரு முத்து: டேட்டாபேஸுக்கு அனுப்பும் வரியைப் பத்திரப்படுத்த 'மைஎஸ்க்யூஎல் எஸ்கேப் ஸ்ட்ரிங்' என்று ஒன்று இருந்தது. அது போதாது என்று தெரிந்ததும் 'மைஎஸ்க்யூஎல் ரியல் எஸ்கேப் ஸ்ட்ரிங்' வந்தது. அப்படியானால் முதலாவது என்ன டூப்ளிகேட்டா? பழையதை நம்பியவர்கள் இருந்ததால் இரண்டும் பல வருஷம் பக்கத்துப் பக்கத்தில் குடித்தனம் நடத்தின. 2015-ல் பி.எச்.பி. 7 வந்தபோதுதான் இரண்டையும் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். உங்கள் ஆபீஸ் ஃபோல்டரில் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் ஒரிஜினல்' என்று கிடக்கும் ஃபைல்களுக்கு இதுதான் அண்ணன்!

32-க்குள் 64, 64-க்குள் 32!

64 பிட் விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறீர்களா? சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். 'சிஸ்டம்32' என்று ஒரு ஃபோல்டர், 'சிஸ்வாவ்64' என்று ஒரு ஃபோல்டர். பெயரைப் பார்த்தால் முன்னதில் 32 பிட் ஃபைல்கள், பின்னதில் 64 பிட் ஃபைல்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அப்படியே தலைகீழ்! சிஸ்டம்32-க்குள் இருப்பவை 64 பிட் ஃபைல்கள். சிஸ்வாவ்64-க்குள் இருப்பவை 32 பிட் ஃபைல்கள். எண்ணற்ற புரோகிராம்கள் 'சிஸ்டம்32' என்ற பெயரைத் தங்கள் கோடுக்குள் அப்படியே எழுதி வைத்திருந்தன. அவை உடையக்கூடாது என்று பெயரை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மாற்றினார்கள். அந்த 'வாவ்' வியப்பு ஒலியும் இல்லை. 'விண்டோஸ் ஆன் விண்டோஸ்' என்பதன் சுருக்கம்.

இதே விண்டோஸ் குடும்பத்தின் கோடில் 'டபிள்யூபாரம்' என்று ஒரு வேரியபிள் இருக்கிறார். பெயரின் தலையிலேயே வகையைக் குறிக்கும் எழுத்தைச் சேர்க்கும் இந்த முறைக்கு 'ஹங்கேரியன் நொட்டேஷன்' என்று பெயர். புடாபெஸ்டில் பிறந்து மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த சார்லஸ் சிமோனி இதன் மூலவர். 2007-லும் 2009-லும் சொந்தக் காசில் விண்வெளிக்கே போய்வந்த அதே சிமோனிதான்! டபிள்யூ என்றால் வேர்டு, அதாவது விண்டோஸ் வழக்கில் 16 பிட். பிறகு விண்டோஸ் 32 பிட்டுக்குப் போனது, அதுவும் 32 ஆனது. 64 பிட்டுக்குப் போனது, அதுவும் 64 ஆனது. தலையில் ஒட்டிய 'டபிள்யூ' மட்டும் நான் 16 பிட் என்று இன்றும் சாதிக்கிறது. நல்லெண்ணத்தோடு வைத்த பெயர்கூட வயதானால் பொய் பேசும்!

'இது டைப்ரைட்டர் இல்லை!'

யூனிக்ஸ் பிறந்த காலத்தில் கம்ப்யூட்டரோடு பேச டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம்தான். டெர்மினலுக்கு மட்டுமே செய்யக்கூடிய வேலையை வேறு எதனிடமாவது கேட்டால் 'நாட் எ டைப்ரைட்டர்' என்று ஒரு பிழைச் செய்தி வரும். பல புரோகிராம்கள் உள்ளுக்குள் 'எதிரே இருப்பது டெர்மினலா?' என்று ஒருமுறை சோதிக்கும். இல்லையென்றால் அந்தப் பிழை எண் அப்படியே தங்கிவிடும். பிறகு சம்பந்தமே இல்லாத வேறொரு கோளாறு வரும்போது இந்தச் செய்தி வந்து குதிக்கும். மெயில் போகாதவனிடம் 'இது டைப்ரைட்டர் இல்லை' என்று சொன்னால் அவன் என்ன செய்வான், பாவம்! செய்தியின் வாசகத்தைப் பின்னாளில் மாற்றினார்கள். அந்தப் பிழையின் குறியீட்டுப் பெயரில் 'டிடிஒய்' என்ற டெலிடைப் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய லைப்ரரிக்குப் பயந்த புதிய பெயர்!

2018 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் உலகமே இரண்டுபட்டது. பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் ஒன்றாகத் தட்டையாக்கும் வசதிக்கு 'ஃபிளாட்டன்' என்று பெயர் வைக்கப் போனார்கள். ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் போட்டதும் ஒரு வெப்சைட் உடைந்தது! காரணம், மூட்டூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரில் தன் சொந்தச் சரக்கை ஏற்கெனவே வைத்திருந்தது. உடனே, 'ஸ்மூஷ்' என்று வைத்துவிடலாமே என்று ஒருவர் கிண்டலாகச் சொல்லப்போக, பலர் அதை நிஜமென்று நம்பிக் கொதித்துவிட்டார்கள். கடைசியில் 2019 பதிப்பில் 'ஃபிளாட்' என்று முடிந்தது. இதற்கு முன்பு 'கன்டெய்ன்ஸ்' என்று இருந்திருக்க வேண்டியது 'இன்க்ளூட்ஸ்' ஆனதும் இதே மூட்டூல்ஸ் புண்ணியத்தில்தான்!

நிலாவில் இறங்கிய 'தற்காலிகம்'!

1969 ஜூலையில் அப்போலோ 11-ஐ நிலாவில் இறக்கிய கோட் இன்று யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பொதுவெளியில் கிடக்கிறது. என்ஜினைப் பற்றவைக்கும் பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பர்ன் பேபி பர்ன்'! விசைப்பலகையையும் விளக்குகளையும் கவனிக்கும் பகுதிக்கு 'பின்பால் கேம்'! குறும்பான பெயர்கள்தான். ஆனால் கூடவே 'மாஸ்டர் இக்னிஷன் ரொட்டீன்', 'பட்டன்ஸ் அண்ட் லைட்ஸ்' என்று வேலையையும் சேர்த்தே எழுதியிருப்பதால், அரை நூற்றாண்டு கழித்துப் படிப்பவருக்கும் விளங்குகிறது.

அதே கோடில், தரையிறங்கும் கணக்குகளுக்கு நடுவே ஒரு குறிப்பு. இது தற்காலிகம் என்று நம்புகிறேன், நம்புகிறேன், நம்புகிறேன் என்ற பொருளில்! அந்தத் தற்காலிகம் அப்படியே நிலா வரை போய் இறங்கியது. உங்கள் ப்ராஜெக்ட்டில் 'டெம்ப்' என்ற வேரியபிள் எட்டு வருஷமாக ஓடுவதில் ஆச்சரியமே இல்லை!

மரபணுவே பெயரை மாற்றிக்கொண்டது!

மனித மரபணுக்களில் 'மார்ச்1', 'செப்ட்1' என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. எக்ஸெலில் அடித்தால் அது மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாக்கிவிடும்! எக்ஸெல் மரபணுப் பட்டியலோடு வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கில் இந்த வகைப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு கண்டது. கடைசியில் யார் வளைந்துகொடுத்தார்கள்? 2020 வாக்கில் மரபணுப் பெயர்க் குழு இத்தகைய 27 மரபணுக்களின் பெயரை மாற்றியது! மார்ச்1 இப்போது 'மார்ச்எஃப்1'. செப்ட்1 இப்போது 'செப்டின்1'. தானாகத் தேதியாக்குவதை வேண்டாதவர்கள் நிறுத்திக்கொள்ளும் வசதியை எக்ஸெல் 2023-ல் நிதானமாகக் கொண்டுவந்தது.

ஒரு ஃபிளாக், இரண்டு அர்த்தம், 46 கோடி டாலர்!

இதுவரை சிரித்தோம். இனி நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனத்தின் பங்கு வர்த்தக மென்பொருளில் 'பவர் பெக்' என்று ஒரு பழைய பகுதி இருந்தது. 2003-க்குப் பிறகு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை. எதற்கு வம்பு, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று சப்போர்ட் டீம்கள் விட்டுவைக்கும் ரகம்.

2012-ல் நியூயார்க் பங்குச் சந்தையின் புதிய திட்டம் ஒன்றுக்காகப் புது கோட் எழுதினார்கள். அதை இயக்க ஒரு ஃபிளாக் வேண்டும். புதிதாக ஒன்று வைப்பதற்குப் பதில், முன்பு பவர் பெக்கை இயக்கிய அதே பழைய ஃபிளாக்கை எடுத்துக்கொண்டார்கள். இனி அதற்குப் புது அர்த்தம்! மொத்தம் எட்டு சர்வர்கள். ஏழில் புது கோட் ஏறியது. எட்டாவதில் ஏற்ற மறந்துபோனது. இரண்டாவது ஆள் சரிபார்க்கவும் இல்லை.

2012 ஆகஸ்ட் 1 காலை 9.30-க்குச் சந்தை திறந்தது. அந்த எட்டாவது சர்வருக்கு ஃபிளாக் இன்னும் பழைய அர்த்தத்தில்தான் புரிந்தது. செத்ததாக நினைத்த பவர் பெக் எழுந்து உட்கார்ந்தது! எத்தனை பங்கு வாங்கியாகிவிட்டது என்று எண்ணி நிறுத்தும் பகுதியை 2005-லேயே வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். ஆகவே நிறுத்தத் தெரியாமல் ஆர்டர்களைக் கொட்டியது. வந்தவை 212 வாடிக்கையாளர் ஆர்டர்கள். சுமார் 45 நிமிடத்தில் 154 நிறுவனங்களின் 39.7 கோடிப் பங்குகள், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள்!

இதைவிடக் கொடுமை, பதறிப்போன குழு புது கோடில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக ஓடிய ஏழு சர்வர்களிலிருந்தும் அதைக் கழற்றியது. இப்போது எட்டு சர்வரும் பழைய அர்த்தத்துக்குத் திரும்பின! சந்தை திறப்பதற்கு முன்பே 'பவர் பெக்' பெயரைச் சொல்லி 97 தானியங்கி மெயில்கள் வந்திருந்தன. அவற்றை எச்சரிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நஷ்டம் சுமார் 46 கோடி டாலர். அடுத்த வருஷம் அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துவிட்டது. பெயர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சோதனையில்லாத அவசரமும் உண்டு. ஆனால் பழைய பெயருக்குப் புது அர்த்தம் கொடுத்தது அத்தனைக்கும் பிள்ளையார் சுழி!

பெயரில் அலகு இருந்திருந்தால்?

1998 டிசம்பரில் கிளம்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயில் காணாமல் போனது. தரைக் கட்டுப்பாட்டு மென்பொருளின் ஒரு பகுதி உந்துவிசையை பவுண்டுக் கணக்கில் எழுதியது. வாங்கிய பகுதி அதை நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு! 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலம் சுமார் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. வேரியபிள் பெயரோடு அலகையும் சேர்த்து எழுது என்று அனுபவசாலிகள் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்வதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அப்படியானால் நீளமாக வைத்தால் தீர்ந்ததா?

அதுவும் இல்லை! ஜாவாவின் புகழ்பெற்ற ஸ்பிரிங் கட்டமைப்பில் ஒரு கிளாஸின் பெயர் 'சிம்பிள் பீன் ஃபேக்டரி அவேர் ஆஸ்பெக்ட் இன்ஸ்டன்ஸ் ஃபேக்டரி'. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். இதில் முதல் சொல் 'சிம்பிள்'! லினக்ஸ் கெர்னலின் எழுத்துமுறைக் கையேடு இதற்கு நேர்மாறு. சின்ன லூப்புக்கு 'ஐ' போதும், தற்காலிக வேரியபிளுக்கு 'டெம்ப்' போதும், ஊருக்கே பொதுவான ஃபங்ஷனுக்கு மட்டும் விளக்கமான பெயர் கட்டாயம் என்கிறது. பைத்தானின் கையேடோ, ஆங்கிலச் சின்ன 'எல்', பெரிய 'ஓ', பெரிய 'ஐ' மூன்றையும் தனி எழுத்துப் பெயராக வைக்காதே என்கிறது. சில எழுத்துருக்களில் அவை 1, 0 மாதிரியே தெரியும்!

தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக! பைத்தான் 3-ல் 'விலை' என்று வேரியபிள் எழுதி அதில் 40 போட்டால் அப்படியே ஓடும். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில் கட்டளைகளே தமிழ்தான். 'பதிப்பி' என்றால் திரையில் அச்சிடும். ஆனால் கூகுள் 2009-ல் வெளியிட்ட கோ மொழியில் 'விலை' என்று எழுதினால் பிழை! ஏன் தெரியுமா? அது முழு எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே பெயரில் அனுமதிக்கிறது. கொம்பும் சுழியும் புள்ளியும் யூனிகோடில் தனிக் குறிகள் என்பதால் உள்ளே விடாது. 'பல' என்று வைக்கலாம், 'பழம்' என்று வைக்க முடியாது! போதாக்குறைக்கு, கோ மொழியில் வெளியாருக்குப் பகிரும் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது?

வேண்டுமென்றே கெடுப்பவர்களும் உண்டு!

புரியாத சி கோட் எழுதுவதற்கென்றே 1984 முதல் சர்வதேசப் போட்டி நடக்கிறது! 1988-ல் பரிசு பெற்ற ஒரு புரோகிராம், வட்ட வடிவில் எழுதப்பட்ட தன் சொந்தப் பரப்பளவை வைத்தே 'பை' (π) மதிப்பைக் கணக்கிட்டது. ரோடி கிரீன் என்பவர், பராமரிக்கவே முடியாத கோட் எழுதுவது எப்படி என்று ஒரு நையாண்டிக் கட்டுரை எழுதினார். குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும் புத்தகம் ஒன்றை வாங்கி, அதிலிருந்து வேரியபிளுக்குப் பெயர் எடு என்பது அவர் தந்த யோசனைகளில் ஒன்று! 2021-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டியது மட்டும் சிரிப்பில்லை. ஆங்கில 'ஏ'யும் ரஷ்ய 'ஏ'யும் பார்வைக்கு ஒன்றேபோல் இருப்பதால், ஒரே பெயராகத் தோன்றும் இரண்டு வெவ்வேறு ஃபங்ஷன்களை கோடுக்குள் ஒளித்துவைக்க முடியும்!

நூற்றில் ஏழு பேர்கூட ஒத்துப்போகவில்லை!

மொட்டைப் பெயரால் நிஜமாகவே நஷ்டமா? 2017-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 72 தொழில்முறை டெவலப்பர்களைப் பிழை கண்டுபிடிக்க வைத்தார்கள். முழுச்சொல் பெயர்கள் இருந்த கோடை, ஒற்றை எழுத்தும் சுருக்கமும் இருந்த கோடைவிட சராசரியாக 19 சதவீதம் வேகமாகப் புரிந்துகொண்டார்கள்!

இன்னும் சுவையான ஆய்வு ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தின் டிரோர் ஃபெய்டல்சன் குழுவினருடையது. 334 பேரிடம் ஒரே மாதிரிச் சூழல்களைக் கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னார்கள். இரண்டு பேர் ஒரே பெயரை வைக்கும் வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? இடைநிலை மதிப்பு வெறும் 6.9 சதவீதம்! அப்படியானால் அடுத்தவர் கோட் யாருக்குமே புரியக்கூடாதே? அங்கேதான் திருப்பம். ஒருவர் வைத்த பெயரைப் பெரும்பாலோர் சரியாகவே புரிந்துகொண்டார்கள். நம் மனதில் இருக்கும் பெயரையே அடுத்தவரும் வைக்க வேண்டியதில்லை, அர்த்தமுள்ள ஏதோ ஒரு பெயரை வைத்தாலே போதும்! 'டெம்ப்2' மேல் வரும் கோபம் ரசனை வேறுபாட்டால் வருவதில்லை. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையே என்ற கோபம் அது.

திட்டவும் ஒரு கட்டளை, பாராட்டவும் ஒரு கட்டளை!

கடைசியாக ஒன்று. ஒரு வரியை யார் எழுதியது என்று காட்டும் கட்டளைக்கு கிட் மென்பொருளில் 'பிளேம்' என்று பெயர். பழிபோடு என்றே வெளிப்படையாக வைத்துவிட்டார்கள்! அதற்கு முந்தைய சப்வெர்ஷனிலும் 'பிளேம்' உண்டு. ஆனால் அதே வேலைக்கு அங்கே இன்னொரு பெயரும் உண்டு: 'பிரெய்ஸ்', அதாவது பாராட்டு! எதைத் தட்டினாலும் திரையில் வருவது அதே வரிகள், அதே ஆளின் பெயர். நாளைக்கு உங்கள் ஃபைலைத் திறப்பவர் இரண்டில் எதைத் தட்டுவார் என்பது, இன்றைக்கு 'ஃபிளாக்3' என்று அடிக்கப்போகும் உங்கள் விரல் ஒரு நொடி நிற்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது!